செயலாளரின் ஆண்டறிக்கை 2024: சுங்கை சிப்புட், மலேசியா

தலைவர் அவர்களே, செயலவையினரே, வருகை தந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

சங்க உறுப்பினர் பட்டியலில் 86 பேர் இருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் நான் எண்ணியது 31. சென்ற மாதம் கூட்டிய கூட்டத்துக்கு 17 பேரே வந்ததால், கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை, இல்லாமல் தேநீர் மட்டும் குடித்துக் கலைந்தோம். கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரம் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். வராதவர்களுக்கு இது தெரியாது. வந்தவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

பொங்கல் விழா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்குப் புத்தகப்பை, தீபாவளி அன்பளிப்பு ஆகியவை வழக்கம்போல் நடைபெற்றன.

இனி, தனியாக இருக்கும் முதியவர்களுக்கு நான் மோட்டார் சைக்கிளில் மருந்து கொண்டுபோகும் சேவை. கடைகளிலும் கோயில் வாசலிலும் பேசப்படுவது என் காதுக்கும் வருகிறது; என் தரப்பும் பதிவில் இருக்கட்டும். கோலாலம்பூரில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தேன், கடைசி ஏழு ஆண்டுகள் மேலாளராக. அந்த வாழ்க்கையில் எனக்குப் பிடித்தது, விடுமுறை நாளில் பெரிய மோட்டாரில் கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் நெடுஞ்சாலையில் ஓடியதுதான். ஒருமுறை திரும்பும் வழியில் நம் ஊருக்கு அருகே லிந்தாங் பக்கம் என் அத்தையைப் பார்க்க இறங்கினேன். சர்க்கரை மாத்திரை தீர்ந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மருந்தகத்தில் மருந்து இருந்தது. அத்தை போய் வாங்க வண்டி இல்லை. அடுத்த ஆண்டு வேலையை விட்டேன். "பைத்தியமா உனக்கு?" என்று கேட்டவர்களில் மூவர் இன்று நம் செயலவையில் இருக்கிறார்கள்.

இப்போது செவ்வாயும் வெள்ளியும் 41 வீடுகளுக்கு மருந்து போகிறது. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட, லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தனியாக இருக்கும் முதியவர்கள் இவர்கள். இன்சுலினைத் துண்டில் சுற்றித்தான் ஐஸ் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நேராக ஐஸில் பட்டு உறைந்தால் அது வீண். லாரியிலிருந்து சிந்திய செம்பனை (எண்ணெய்ப்பனை) உதிர்ப்பழம் சக்கரத்தின் கீழ் நசுங்கினால், எண்ணெயில் விட்டதுபோல் வழுக்கும். மட்டையின் முள் டயரைத் துளைத்து இவ்வாண்டு ஆறு முறை வண்டியைத் தள்ளியிருக்கிறேன், ஒரு முறை மழையில்.

"சங்கப் பணத்தில் பெரிய மோட்டாரில் ஊர் சுற்றுகிறார்" என்றவருக்கு: பெரிய மோட்டார் என் வீட்டில் தார்ப்பாய்க்குள் உறங்குகிறது. மருந்து ஏற்றிப் போவது சங்கத்தின் கப்சாய், சின்ன மோட்டார் சைக்கிள். பத்து வெள்ளிக்குள் (ரிங்கிட்) தொட்டி நிரம்பிவிடும். ஆண்டு முழுவதற்கும் பெட்ரோல் 312 வெள்ளி. செயலவைக் கூட்டங்களின் வடை, தேநீர்ச் செலவு இதைவிட அதிகம்.

கணக்கைப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். சுருக்கமாக, கையிருப்பு சென்ற ஆண்டை விடச் சற்றுக் குறைவு. சில ரசீதுகள் இன்னும் வர வேண்டியிருக்கிறது. கையிருப்புக் குறைந்த காரணம் மறைபொருள் அல்ல. சந்தா ஆண்டுக்கு 24 வெள்ளி. இவ்வாண்டு 52 பேர் கட்டவில்லை. இதே ஊரில் பிறந்து நாட்டின் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த தோட்டங்களை வாங்க, ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள் மாதம் பத்து வெள்ளி எடுத்து வைத்தார்கள். நாம் கேட்பது மாதம் இரண்டு. பாக்கி வைத்திருப்பவர்களில் மூவர் கார் வாங்கியதற்குச் சங்கத்தின் சார்பில் நானே வாழ்த்துக் கூறினேன்.

தலைவருக்கும், மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சமையல் மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு எனக்கு 52 வயது. இடது முழங்கால் மழைக்கு முன்பே சேதி சொல்கிறது. இரண்டாவது கப்சாய் ஒன்று அன்பளிப்பாக வந்து மண்டபத்துக்குப் பின்னால் நிற்கிறது. சாலை வரியும் கட்டியாயிற்று. பி2 (மோட்டார் சைக்கிள்) உரிமம் உள்ள இளைஞர் ஒருவர் வெள்ளிக்கிழமையை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும். நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகள் இருவருக்கும் உரிமம் உண்டு என்பது எனக்குத் தெரியும்.

மதிய உணவு தயார். சந்தாப் பாக்கி உள்ளவர்கள் முதலில் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு வரவும்.

செயலாளர்