தாத்தா, உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக் கொடுத்துவிடுகிறேன்

அன்புள்ள தாத்தாவுக்கு,

வரும் வெள்ளிக்கிழமை உங்கள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், அந்தப் பள்ளி இறுதிச் சான்றிதழ், இந்த வீட்டை விட்டுப் போகிறது. அத்தைப் பாட்டியின் பேத்தியிடம் கொடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். அப்பா காலமான பிறகு உங்கள் டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. அன்றிலிருந்தே இந்த எண்ணம் மனத்தில் இருந்தது. உங்கள் திதி முடிந்த கையோடு துணிந்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்வதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

பெரிய அண்ணா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்கிறார். நம் குடும்பத்தில் முதன்முதலாக ஆறாம் பாரம், அதாவது பள்ளியின் கடைசி வகுப்பு, முடித்தவரின் புத்தகம், 1918ஆம் வருடத்தது, வெளியே போகலாமா என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். அவரும் இதைப் படிப்பார், மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் பள்ளிச் சம்பளத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, யாருடைய நகை எந்தக் கடைக்குப் போனது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும். அத்தைப் பாட்டிக்கும் தெரிந்திருந்தது.

நான் சொல்ல வந்தது அந்தத் திண்ணை மாலையைப் பற்றி.

எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பழைய பத்திரங்களைத் தேடுவதற்காகப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தீர்கள். மஞ்சள் துணியில் சுற்றிய புத்தகத்தை எடுத்து என் கையில் கொடுத்து, "பார், இதில் ஒரு மையடித்தல் இருக்கிறதா?" என்றீர்கள். இல்லை. நான்காம் பாரத்திலிருந்து வருடாவருடம் வாங்கிய மார்க்குகள், தலைமையாசிரியரின் சாய்ந்த கையெழுத்து, பிறந்த தேதி, அங்க அடையாளங்கள். மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குப் பதிலாக 1911இல் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வந்ததை அன்றுதான் எனக்குச் சொன்னீர்கள். ஒரே பரீட்சையில் ஒருவன் தலையெழுத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது, பள்ளியில் படித்த படிப்பும் கணக்கில் வர வேண்டும், அதற்காகத்தான் இந்தப் புத்தகம் என்றீர்கள். உங்கள் குரலில் அத்தனை பெருமை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. உங்கள் தோளில் சாய்ந்துகொண்டுதான் பக்கங்களைப் புரட்டினேன்.

காப்பி டம்ளரை எடுக்க வந்த அத்தைப் பாட்டி என் கையிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாக, "எ ஸ்கார் பிலோ த லெஃப்ட் நீ" என்று, இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு என்ற அந்த இங்கிலீஷ் வரியைப் படித்தார். அதோடு நிற்கவில்லை. "இந்தத் தழும்பு நான் தள்ளிவிட்டு வந்ததுதானே அண்ணா?" என்று சிரித்தார்.

நீங்கள் சிரிக்கவில்லை. "எப்போது படித்தாய்?" என்று கேட்டீர்கள்.

"நீ படித்தபோதுதான்."

அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு, நீங்கள் உரக்கப் படிப்பதைக் கேட்டபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த சிறுமி அவர். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, நீங்கள் ஆறாம் பாரம் முடித்த வருடத்திலேயே பதினொரு வயதில் கல்யாணமும் ஆகிவிட்டவர். உங்கள் பூகோளமும் சரித்திரமும் அவர் காதிலும் விழுந்திருக்கின்றன. பாடமெல்லாம் இங்கிலீஷில்தான் என்பதால் இங்கிலீஷும் சேர்ந்தே விழுந்திருக்கிறது. ஐம்பது வருடமாகியும் உங்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்த அந்த நிமிஷத்தில் நீங்கள் செய்தது என்ன? புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கி, துணியில் சுற்றி, பெட்டியில் வைத்துப் பூட்டினீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், "கெட்டிக்காரி" என்று ஒரு சொல் வரும் என்று.

உங்களுக்கு என்ன வலித்தது என்று இப்போது ஓரளவு ஊகிக்க முடிகிறது. கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் 1904இல் கணக்குக்குப் பரிசு வாங்கிய ராமானுஜன், காலேஜின் முதல் பரீட்சையான எஃப்.ஏ.வில் தவறியும், 1918இல் லண்டனின் பெரிய விஞ்ஞானச் சங்கமான ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார். அதே வருடம் பள்ளி முடித்த உங்களுக்கு உங்கள் கணக்கு வாத்தியார் அந்தச் செய்தியைச் சொன்னதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். காலேஜில் சேரத் தகுதி உண்டு என்று உங்கள் பெயரும் 'எலிஜிபிள்' பட்டியலில் வந்தது. சில மாதங்களில் ஊரெல்லாம் அந்த இன்ஃப்ளூயன்சா. கொள்ளுத்தாத்தாவை மூன்றே நாளில் கொண்டு போய்விட்டது. காலேஜின் முதல் படியான இன்டர்மீடியட் வகுப்பின் வாசலைக்கூட மிதிக்காமல் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்தீர்கள், பதினேழு வயதில், ஒரு வீட்டையே தாங்கிக்கொண்டு. அந்தப் புத்தகம் உங்களுக்குப் பட்டமாகவும் இருந்தது, போகாத காலேஜாகவும் இருந்தது. அதை இன்னொருவர் சுலபமாகப் படித்துவிட்டால் பொறுக்காதுதான். இதை நினைத்தால் இப்போதும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரத் தோன்றுகிறது.

ஆனால் 1974இல் என்ன செய்தீர்கள் தாத்தா? நானும் அதே எஸ்.எஸ்.எல்.சி.யை, பதினோராம் வகுப்பை, முடித்துவிட்டு, காலேஜின் நுழைவு வகுப்பான பி.யு.சி.யில் சேர விண்ணப்பத்தோடு நின்றேன். "நானே இதற்கு மேல் படிக்கவில்லை, உனக்கு எதற்கு?" என்றீர்கள். அப்பா வாயைத் திறக்கவில்லை. உங்களுக்கு மறுக்கப்பட்டதை எனக்குத் திறந்துவிட உங்களைவிடத் தகுந்தவர் யார்? அதையே எனக்கும் மறுக்கக் காரணமாக்கிவிட்டீர்கள். காலேஜ் நின்று போன வலி என்னவென்று இந்த வீட்டிலேயே தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். அதனால்தான் என்னால் எளிதில் மறக்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தேன், அந்தச் சான்றிதழைப் பார்க்க நீங்கள் இல்லை.

அந்தக் காலம் அப்படி என்று அண்ணா எழுதுவார். முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் அந்தக் காலம்தான். புதுக்கோட்டைக்காரர், பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட பிறகு வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறி, ஆண் பிள்ளைகள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புகளுக்கு நடுவே சேர்ந்து, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அப்போது நீங்கள் பள்ளிக்கூடத்துப் பையன். அவருக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஓர் அப்பா இருந்தார். அத்தைப் பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தார். எல்லாப் பாடத்தையும் உரக்கப் படித்தார், பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து ஒரு தடவைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களுக்கும் அப்போது சின்ன வயது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. திண்ணையில் பெட்டியைப் பூட்டியபோது சின்ன வயதில்லை.

இதற்கு மேல் எழுதினால் வீட்டில் சண்டை வரும். நீங்கள் இருந்தவரை எனக்குக் காய்ச்சல் வந்தால் இரவெல்லாம் விழித்திருந்து நெற்றியில் பத்துப் போட்டவர் நீங்கள் என்பதையும் இதே இடத்தில் எழுதிவிடுகிறேன். அதையும் எல்லாரும் படிக்கட்டும்.

புத்தகத்தின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுத்து அண்ணாவுக்கும் சித்தப்பா பிள்ளைகளுக்கும் அனுப்பியாயிற்று. கண்ணாடி போட அந்த நகலே போதும். அசல், அதை முழுக்கப் படிக்கத் தெரிந்தும் பிடுங்கிக்கொள்ளப்பட்டவரின் வீட்டுக்குப் போகிறது. அந்தப் பெண் பள்ளிக்கூட டீச்சர். மஞ்சள் துணியோடுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும் தாத்தா, இந்தத் தடவை நான் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் பேத்தி