வலிக்கு எண் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் ஒரு பார்மசியில் மருந்து கொடுப்பவன் நான். பாதம் எரிகிறது, ஊசியால் குத்துவது போல இருக்கிறது, இரவில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை என்று என்னிடம் விலாவாரியாகச் சொல்லும் நீரிழிவுக்காரர்கள் கிளினிக்கில் அதையெல்லாம் சொல்வதில்லை. சிங்களம் சரளமாக வராத ஆச்சிமார் ‘கக்குல ரிதெனவா’, அதாவது கால் நோகுது என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அண்மையில் ஒருவர் கொண்டுவந்த படிவத்தில் வலி என்று ஒரு சொல், எதிரே 0 முதல் 10 வரை எண்கள், அவ்வளவுதான். 7ஐ வட்டமிட்டிருந்தார். எவ்வளவு வலி என்பதற்குச் சரி. எப்படிப்பட்ட வலி என்பதற்கு?

கால்விரலைக் கட்டிலில் இடித்தால் முதலில் சுள்ளென்று ஒன்று வரும். மயலின் என்ற கொழுப்பு உறை மெல்லிதாகப் போர்த்த ஏ-டெல்டா நரம்பு நார்கள் அதை வினாடிக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் முள்ளந்தண்டு வடத்துக்குக் கொண்டுபோகின்றன. அந்த உறையே இல்லாத சி நார்களின் வேகம் சுமார் 2 மீற்றருக்குள்தான். ஆகவே உளைவும் எரிவும் பிந்தித்தான் மூளைக்கு எட்டும். நீரிழிவில் கதை வேறு. அங்கே எதிலும் இடிபடவில்லை, நரம்பே பழுதாகித் தானாகச் செய்தி அனுப்புகிறது. அதற்குப் பனடோல் பெரிதாக உதவாது. வைத்தியர் நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினோ பிரிகபாலினோ எழுத வேண்டியிருக்கும். எரிவு என்ற சொல் அவர் காதில் விழுந்தால்தானே எழுதுவார்!

கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்து ரொனால்ட் மெல்சாக் 1975இலேயே வலிச் சொற்களைத் தொகுத்து ஒரு வினாக்கொத்து வெளியிட்டார். நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? குத்து, கடுப்பு, உளைவு, குடைச்சல், எரிவு, விறைப்பு, பிடிப்பு. தமிழ்ப் படிவங்களில் இவற்றை அச்சிட்டுப் பக்கத்தில் சிங்களத்தையும் போட்டால் (எரிவுக்கு ‘தனவா’ என்றால் எந்தத் தாதிக்கும் விளங்கும்) நோயாளி அடையாளமிடுவதோடு வேலை முடிந்தது.

பாரம், இறுக்கம் இரண்டையும் விட்டுவிட வேண்டாம். மாரடைப்பு வந்தவர்களில் பலர் அதை வலி என்றே சொல்வதில்லை, நெஞ்சில் ஏதோ ஏற்றி வைத்த மாதிரி என்பார்கள். எண் மட்டும் கேட்கும் படிவத்தில் அப்படிப்பட்டவர் 0வை வட்டமிட்டுவிட்டுத் தன் முறை வரும்வரை உட்கார்ந்திருக்கவும் கூடும்.

மருந்தாளர் ஒருவர்,
கொழும்பு 13.