கேசட்டில் பூத்த பூஞ்சை

ஆசிரியருக்கு வணக்கம்.

சோதனை முயற்சியாக எடுக்கும் கலை வீடியோக்களின் விழாக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டதால் இனி எந்தப் படைப்பும் தொலையாது என்று முடிகிறது. படித்ததும் சிரித்துவிட்டேன். தொலைத்தவள் நான்.

2004இல் காசிமேட்டில் ஐஸ் உடைப்பவர்களை வைத்து ஒன்பது நிமிட வீடியோ ஒன்று எடுத்தேன். கதை இல்லை, பேச்சும் இல்லை. ஐஸ் நொறுங்கும் ஓசையை மட்டும் தலைகீழாக ஓடவிட்டிருந்தேன். (அதைப் பெரிய புரட்சி என்று அப்போது நினைத்திருந்தேன்.) வெளியூர் விழா ஒன்றில் திரையிட்டார்கள். அந்த விழாவின் இணையதளம் இன்று இல்லை. பின்னால் இன்னொரு விழாவுக்கு அனுப்பிய இணைப்பும் காலாவதியாகிவிட்டது. மிஞ்சியவை நான்காக மடித்த ஒரு நிகழ்ச்சி நிரலும் மினி டிவி (MiniDV) என்ற சிறிய வீடியோ கேசட்டும்தான்.

கேசட்டை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவில் ஏழு கடை ஏறி இறங்கினேன். கேமராவிலிருந்து கணினிக்கு வீடியோவை ஏற்றும் ஃபயர்வயர் கேபிள் என்றதும் இளம் பையன்கள் முழித்தார்கள். எட்டாவது கடையில் ஒரு பெரியவர் கேசட்டின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தார். கால் அங்குல நாடாவின் ஓரமெல்லாம் திருநீறு தூவியது போல் வெள்ளைப் பூஞ்சை. சென்னைக் காற்று பெட்டிக்குள்ளும் வியர்க்கும் அல்லவா? நாடாவை மெல்லத் துடைத்து, பழைய கேமராவில் போட்டு, நின்று நின்று ஓடவிட்டார். ஐந்து நிமிடம் தேறியது. மீதியில் ஐஸ் கட்டிகளுக்குப் பதில் பச்சைக் கட்டங்கள்.

நாடாவாவது இருபது வருடம் தாங்கியது. படைப்பை மென்பொருளாகவே செய்தவர்கள் நிலை இன்னும் மோசம். உலாவியில் அசைபடங்களை ஓட்டிய ஃபிளாஷ் (Flash) மென்பொருளுக்கு 2020 டிசம்பரோடு ஆதரவு நின்றது. அதில் செய்த இணையக் கலை பலவும் சாதாரண உலாவியில் திறப்பதில்லை. தென்கொரியாவில் ‘நாம் ஜுன் பைக்’ என்ற வீடியோ கலைஞர் 1988இல் 1,003 டிவிப் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய கோபுரம் 2018இல் அணைக்கப்பட்டது. அதை வைத்திருக்கும் அருங்காட்சியகமே முன்னின்று, பழுதான படக்குழாய்களில் பலவற்றுக்குப் பதில் எல்சிடி பொருத்தி, 2022இல்தான் மறுபடி எரியவிட முடிந்தது. நம் ஊரில் அப்படி யார் முன்னிற்பார்கள்?

விழாக்காரர்களைக் குறை சொல்லவில்லை. அரங்கு, புரொஜெக்டர் வாடகை, மின்சாரம் என்று அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் திரையிடும் படத்தை இணைப்பாக மட்டும் வாங்காமல், முழுத் தரக் கோப்பாக வாங்கி, படைப்பாளியின் அனுமதியோடு உள்ளூரிலேயே ஓரிடத்தில் ஒப்படைக்கலாம். அச்சுத் தமிழுக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. வீடியோவுக்கு எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓர் அறை கிடைத்தாலே போதும்: குளிர்சாதனம், ஓடுகிற பழைய கேசட் டெக் இரண்டு, அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவர். கடைசியில் சொன்னதுதான் கிடைப்பது அரிது.

தமிழின் முதல் பேசாப்படமான ‘கீசக வத’த்துக்கு இன்று ஒரு பிரதிகூட இல்லை. அது எடுக்கப்பட்டதும் இதே ஊரில்தான்.

என்னிடம் இன்னும் இரண்டு கேசட்டுகள் இருக்கின்றன. “மழைக்கு முன்னால் கொண்டுவந்துவிடுங்கள் அம்மா, இந்தக் கேமராவின் ஹெட்டும் தேய்ந்துகொண்டே வருகிறது” என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை போகிறேன்.

ஒரு வாசகி,
சூளைமேடு, சென்னை