முப்பத்தாறாவது வளைவில் கழன்ற ஷாஃப்ட்

சேந்தமங்கலம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்தியதையும், தென்னையை வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை என்பதையும் படித்தேன். அவற்றுக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் நீ எழுதியிருந்த நான்கு வரிகள்தான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தன. உன் பழைய பிக்கப் வண்டி ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிர ஓடுகிறது என்றும், ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் அடியில் ‘டக்’ என்று ஓர் ஓசை வருகிறது என்றும், அடுத்த மாதம் சக்கரங்களை பேலன்ஸ் செய்யப் போவதாகவும் எழுதியிருந்தாய். சக்கரங்கள் கிடக்கட்டும். முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற அந்த நீளத் தண்டை, புரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பார். ஏன் இப்படி அதட்டுகிறேன் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீ எழுதிய இரண்டு அறிகுறிகளும் என் வண்டியில் ஐந்து மாதங்கள் இருந்தன. மூன்றாவதாக, மெதுவாக உருளும்போது சிட்டுக்குருவி கத்துவதுபோல ஒரு கீச்சொலியும் இருந்தது. ‘பழைய வண்டி, நாலு சத்தம் வரத்தான் செய்யும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வாரத்தில் நான்கு நாள் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு உரமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு போய், திரும்பும்போது அன்னாசியும் வாழைத்தாரும் இறக்கிக்கொண்டிருந்தேன். அந்த மலைப்பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உனக்குத் தெரியும். படிக்கிற காலத்தில் அவற்றை எண்ணிக்கொண்டே போய், நாற்பதுக்கு மேல் எண்ண முடியாமல் நீ ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்ததை நான் மறக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு காலையில், இருபது மூட்டைச் சிமெண்டுடன் முப்பத்தாறாவது வளைவில் முதல் கியரில் திரும்பிக்கொண்டிருந்தபோது, இருக்கைக்குப் பின்னால் சம்மட்டியால் அடித்ததுபோல இரண்டு முறை சத்தம் கேட்டது. அடுத்த கணம் இன்ஜின் மட்டும் தனியாகக் கூவியது. வண்டி ஏறவில்லை, பின்னால் நகரத் தொடங்கியது. கியரில்தானே இருக்கிறது, நிற்கும் என்று நினைப்பது கால் நூற்றாண்டுப் பழக்கம். ஆனால் ஷாஃப்ட் கழன்ற வண்டிக்குக் கியர் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். பிரேக்கை மிதித்தேன், கை பிரேக்கை இழுத்தேன், உடன் வந்த பையன் குதித்து இறங்கிப் பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தான். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வண்டியில் கை பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது. நம் பாலிடெக்னிக் பட்டறையில் நின்ற பழைய ஜீப்பில் அது கியர்பாக்ஸை ஒட்டி ஷாஃப்ட்டைப் பிடிக்கும்படி இருந்தது அல்லவா? அப்படிப்பட்ட வண்டியாக இருந்திருந்தால், பின் ஷாஃப்ட் அறுந்த பிறகு அந்த நெம்புகோலை இழுத்தும் பின் சக்கரங்களுக்கு ஒன்றும் போய்ச் சேர்ந்திருக்காது.

கீழே குனிந்து பார்த்தேன். பின் அச்சோடு ஷாஃப்ட் சேர்கிற இடத்துக் கிராஸ், அதாவது நான்கு கைகளிலும் கப் மாட்டிய சிலுவை வடிவ இணைப்புத் துண்டு, உடைந்து, அதன் ஒரு கப் காணாமல் போயிருந்தது. ஷாஃப்ட்டின் பின்முனை தொங்கிக்கொண்டிருந்தது. தொங்குவதற்கு முன் இரண்டு சுற்றுச் சுழன்றதில் சட்டத்தின் குறுக்குக் கட்டையில் மோதி, குழாய் ஓரிடத்தில் நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்திலிருந்து நான்கு விரற்கடை தள்ளித்தான் பிரேக் எண்ணெய்க் குழாய் ஓடுகிறது. பத்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்ததால் அதோடு போயிற்று. சமவெளியில் அறுபதில் போகும்போது முன்பக்க கிராஸ் உடைந்து, முனை தார்ச்சாலையில் குத்தி, வண்டியின் பின்பாதியையே கழி ஊன்றித் தாண்டுகிறவன்போலத் தூக்கிவிட்ட கதைகளை நாமக்கல் லாரிக்காரர்கள் நிறையவே வைத்திருக்கிறார்கள்.

வழியில் நின்ற ஓட்டுநர் ஒருவர், நியூட்ரலில் விட்டுப் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே காரவள்ளிக்கு இறக்கிவிடலாம் என்று அன்போடு யோசனை சொன்னார். நான் மறுத்துவிட்டேன். முப்பத்தைந்து வளைவுகளை, இன்ஜினின் பிடிப்பு சிறிதும் இல்லாமல், ஒரு டன் பாரத்தோடு, பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பாதி வழியிலேயே பிரேக் லைனிங் சூடேறிப் பிடிமானம் விட்டுப் போகும். மூட்டைகளை வேறொரு வண்டிக்கு மாற்றி அனுப்பினோம். பின் அச்சில் நான்கு போல்ட்டு, முன், பின் என்று இரண்டு துண்டாக உள்ள ஷாஃப்ட்டை நடுவில் தாங்குகிற சென்டர் பேரிங்கில் இரண்டு, கியர்பாக்ஸ் பக்கம் நான்கு என்று கழற்றி, ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றினேன். நடத்துநர் அதற்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். வண்டி அன்றிரவு கல்லணைப்பில் மலைமேலேயே கிடந்தது. பையன் காவலுக்குப் படுத்தான், நாளதுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இனிதான் உனக்காக எழுதுகிற பகுதி. நாமக்கல்லில் ஷாஃப்ட் வேலை மட்டுமே செய்கிற ஒரு லேத் பட்டறையில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் உடைந்த கிராஸை நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. பின் ஷாஃப்ட்டைத் தரையில் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பார்த்தார். பிறகு, “இதை இதற்கு முன்னால் யார் கழற்றி மாட்டியது?” என்று கேட்டார். ஆறு மாதத்துக்கு முன் கிளட்ச் மாற்றியபோது கழற்றினார்கள் என்றேன். “ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள்” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு இரண்டாம் ஆண்டுத் தேர்வு ஞாபகத்துக்கு வந்தது. இந்தக் கிராஸ் வைத்த இணைப்புக்குப் பாடத்தில் ஹூக் இணைப்பு என்று பெயர். அதைப் பற்றி நீயும் நானும் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதினோமே, நினைவிருக்கிறதா? 17ஆம் நூற்றாண்டு ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் அந்த இணைப்புக்கு ஒரு குணம் உண்டு. இரண்டு தண்டுகள் சாய்வாகச் சேரும்போது, ஓட்டும் தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், ஓடும் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளரும். சாய்வு 10 பாகை என்று வைத்துக்கொள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் என் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 சுற்றுச் சுற்றுகிறது. இணைப்பைத் தாண்டிய பிறகு அது சுற்றுக்கு இரண்டு தடவை 2,031 வரை ஏறி 1,970 வரை இறங்கும். ஒன்றரை சதவிகிதம்தான். ஆனால் அது நிமிடத்துக்கு 4,000 உலுக்கல்.

இந்தக் கோளாற்றைத் தீர்க்கத்தான் ஷாஃப்ட்டின் மறுமுனையில் இன்னொரு கிராஸ். இரண்டு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் கவைகளான யோக்குகள் ஒரே தளத்தில் நேராக நின்று, இரு பக்கச் சாய்வும் சமமாக இருந்தால், முன்னது கொடுக்கும் ஏற்ற இறக்கத்தைப் பின்னது அப்படியே விழுங்கிவிடும். பின் ஷாஃப்ட்டின் நடுவே நீண்டு சுருங்குகிற பல் இணைப்பு இருக்கிறதே, அதைக் கழற்றி மாட்டும்போதுதான் இந்த நேர் தவறும். என்னுடையதில் பதினாறு பற்கள். ஒரு பல் தள்ளினால் 22.5 பாகை. ‘ஒரு பல்தானே’ என்றுதான் எவருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு பல்லால், ஓர் இணைப்பு தரும் உலுக்கலில் முக்கால் பங்கு தீராமல் எஞ்சுகிறது. ஆறு மாதமாக அந்த முக்கால் பங்கு அதிர்வு, கிராஸின் கப்புகளுக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகளைச் சுத்தியால் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மற்ற கிராஸ்களைக் கழற்றியபோது, அவற்றின் கைகளில் ஊசிகள் பதிந்து, நகத்தால் கீறினால் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது.

கிளட்ச் மாற்றியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லாமலில்லை. கழற்றும் முன் இரு பக்கமும் சேர ஒரு வெள்ளைச் சாயக் கோடு இழுக்க அரை நிமிடம் ஆகாது. ஆனால் நானும் அன்று அங்கே டீ குடித்துக்கொண்டு நின்றேன், டிப்ளமா வாங்கியவன். அதோடு, என் பங்குக்கு இரண்டு தவறுகளையும் சேர்த்திருந்தேன். பாரம் தாங்கட்டும் என்று பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டதில், வெறும் வண்டியாக ஓடும்போது பின்பகுதி உயர்ந்து நின்று, பின்முனைக் கிராஸின் சாய்வு கூடியது. அது சாய்வுச் சமத்தையும் கெடுத்தது. கிரீஸ் அடிப்பதையோ, சர்வீஸ் நிலையத்துப் பையனிடம் விட்டுவிட்டேன். பெரியவர் சொன்ன ஒரு விஷயம் எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்காதது. நிப்பிளில் கிரீஸ் ஏற்றும்போது நான்கு கப்புகளின் விளிம்பிலும் கிரீஸ் பிதுங்க வேண்டும். மூன்றில் பிதுங்கி ஒன்றில் பிதுங்காவிட்டால், உள்ளே வழி அடைத்திருக்கிறது. அந்தக் கப்தான் முதலில் போகும். ‘கிரீஸ் அடித்தாயிற்று’ என்று ரசீதில் எழுதியிருப்பதற்கும் நான்காவது கப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பழுது பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய இரும்புக் கடையில் இதே அளவு ஷாஃப்ட் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். நான் அதற்கு இணங்கவில்லை. அது எந்த வண்டியில், எந்த விபத்தில் வளைந்தது என்று யாரால் சொல்ல முடியும்? நசுங்கிய குழாயைத் தட்டி நிமிர்த்தலாம் என்ற யோசனையையும் பெரியவரே தள்ளிவிட்டார். உள்ளே வெற்றிடமான குழாய் தன் வட்ட வடிவத்தால்தான் முறுக்கைத் தாங்குகிறது, வட்டம் கெட்டால் அந்த இடத்திலேயே மறுபடி மடங்கும் என்றார். யோக்கின் காதும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்ததால், புதுக் குழாயும் புது யோக்கும் வாங்கி, லேத்தில் ஏற்றி, டயல் கேஜ் வைத்து நேர் பார்த்துப் பற்றவைத்தார். பிறகு பேலன்சிங் எந்திரத்தில் சுழற்றி, எடை குறைந்த பக்கத்தில் இரண்டு சிறு தகடுகளை ஒட்டவைத்தார். மூன்று கிராஸ்களும் சென்டர் பேரிங்கும் புதிது. உடைந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். அவர் பதில் சொல்லாமல், கோடு விழுந்த கிராஸை என் கையில் வைத்தார். எல்லாம் சேர்ந்து பதினோராயிரத்துச் சொச்சம் ஆயிற்று. கூடுதல் பட்டையையும் கழற்றிவிட்டேன். அதனால் நடைக்கு நான்கு மூட்டை குறைவாகத்தான் ஏற்றுகிறேன். வீட்டில் அதற்கு இன்னும் முழுச் சம்மதம் கிடைக்கவில்லை.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். அதிர்வு ஸ்டீயரிங்கில் கையைக் குலுக்கினால் முன் சக்கரத்தைச் சந்தேகிக்கலாம். நீ எழுதியபடி தரையில் இருந்து, ‘டக்’ ஓசையும் சேர்ந்தால் ஷாஃப்ட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வண்டி நிற்கும்போது இன்ஜினை அதே அளவுக்கு முடுக்கிப் பார். அதிர்வு இல்லையென்றால் இன்ஜினை விட்டுவிடலாம். பிறகு சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் போட்டுவிட்டு அடியில் போ. கல் வைக்காமல் போகாதே. நியூட்ரலில் நிற்கும் வண்டியைக் கியர் பிடித்துக்கொள்ளாது. கிராஸுக்கு இரு பக்கமும் இரண்டு கைகளால் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பார், மேலும் கீழும் அசைத்துப் பார். நல்ல கிராஸில் கண்ணுக்குத் தெரிகிற அசைவே இருக்காது. கப்பைச் சுற்றிக் குங்குமம் தூவியதுபோலச் செந்துருப் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி நாளாயிற்று என்று பொருள். சென்டர் பேரிங்கைத் தாங்குகிற ரப்பர் வெடித்திருக்கிறதா என்றும் பார்த்துவிடு. கடைசியாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பின் ஷாஃப்ட்டின் இரண்டு யோக்குகளும் நேராக நிற்கின்றனவா என்று அந்தப் பெரியவரைப்போலப் பார். கழற்ற நேர்ந்தால், ஸ்பானரை எடுக்கும் முன் சாயக் கோடு.

கையோடு ஒரு கிரீஸ் கன்னையும் எடுத்துக்கொண்டு போ. நான்கு கப்பில் எது பிதுங்கவில்லை என்பதை அடுத்த கடிதத்தில் எழுது. அது வரும்வரை வால்பாறைப் பக்கம் வண்டியை எடுக்காதே.

உன் அன்புள்ள,
பழைய விடுதி அறைத்தோழன்