சித்தப்பாவுக்கு மார்க் போடும் முன்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புத் தம்பிக்கு,

அனைவரும் நலம். இங்கே சாயங்காலமானால் மழைதான்.

சித்தப்பாவுக்கு ஸ்கிம் (SCIM) தாள் நிரப்புவது எப்படி என்று கேட்டிருந்தாய். தண்டுவடத்தில் அடிபட்டவர் அன்றாட வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று மார்க் போடும் தாள் அது. மூன்றாம் பதிப்பையே எடு. மொத்தம் 100: தன் வேலைகள் 20, மூச்சும் மலஜலமும் 40, நடமாட்டம் 40. மூத்திரப்பைக்கு மட்டும் 15. எப்போதும் குழாய் மாட்டியிருந்தால் 0. வேளாவேளைக்குத் தானே குழாய் விட்டு எடுத்து, இடையில் ஒழுகாமல் இருந்தால் 11.

'முடியும்' என்று அவர் சொல்வதற்கு மார்க் இல்லை, அன்றாடம் செய்வதற்குத்தான். நேரில் பார். அதற்கு முன் சித்தியைக் காபி போட அனுப்பிவிடு. பக்கத்தில் இருந்தால் கை தானாக நீளும், மார்க் தப்பாகும்.

கழுத்து அடி என்பதால் சாப்பாட்டைக் கவனி. கரண்டியைச் செருகிக் கையில் மாட்டும் பட்டையை மற்றவர் மாட்டிவிட்டால் 1, அவரே மாட்டிக்கொண்டு சாப்பிட்டால் 2, பட்டையே வேண்டாமென்றால் 3. உடையில் ஒரு பொறி உண்டு. இங்கேயும் பெரியவர்களுக்கு வீட்டில் கைலிதான். அதை மட்டும் பார்த்துப் போட்டால் கீழுடைக்கு 3க்கு மேல் தர முடியாது. பொத்தான், ஜிப், நாடா உள்ளதையும் உடுத்தினால்தான் 4.

படுக்கையில் நான்கு செயல்: மேலுடம்பைத் திருப்புவது, காலைத் திருப்புவது, எழுந்து உட்காருவது, சக்கர நாற்காலியில் கையூன்றி இடுப்பைத் தூக்குவது. நான்கும் செய்தால் 6, இரண்டோ மூன்றோ என்றால் 4, ஒன்று மட்டும் என்றால் 2. கடைசியை விட்டுவிடாதே, இடுப்பைத் தூக்காமலே உட்கார்ந்திருந்தால் அங்கே படுக்கைப்புண் வரும்.

நடமாட்டத்தில் வீட்டுக்குள், 10 முதல் 100 மீட்டர், 100க்கு மேல் என்று மூன்று தூரம், ஒவ்வொன்றும் 8. கையால் தள்ளும் சக்கர நாற்காலியைத் தானே தள்ளுகிறவருக்கும் தூரத்துக்கு 2தான், ஆக 24க்கு 6. பார்த்துப் பயந்துவிடாதீர்கள். வெளித்தூரத்தைத் தெருவில்தான் பார்க்க வேண்டும். இங்கே பழைய கடை வரிசைகளில் அஞ்சடி, அதாவது கடை முன் நடைபாதை, கடைக்குக் கடை ஏறி இறங்கும். வார்டில் சறுக்கிப் போகிறவர் அங்கே நின்றுவிடுவார். நம் தெருவும் அதற்குக் குறைச்சலில்லை.

நடுவில் திடீரென்று தலைவலி, முகத்தில் வியர்வை என்றால் தாளைக் கீழே வை. நிமிர்த்தி உட்கார வை, குழாய் மடங்கியிருக்கிறதா பார், ரத்த அழுத்தம் பார். குறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

ஊருக்கு வருகிறவர்களிடம் கரண்டிப் பட்டை இரண்டு கொடுத்தனுப்புகிறேன். அவர் உள்ளங்கைச் சுற்றளவை நூலால் அளந்து எழுது.

அன்புடன்,
அக்கா