வாசகர் சங்கத்தின் 2025-ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை, சுங்கை சிப்புட், பேராக் மாநிலம், மலேசியா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்புவதற்கு ஒரு பக்கச் சுருக்கம் தனியாக இருக்கிறது. இது உங்களுக்காக எழுதியது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செயலவை ஏழு முறை கூடியது. ஒரு முறை போதிய ஆள் சேராமல் தேநீர் மட்டும் குடித்துக் கலைந்தோம். மூன்று மூத்த உறுப்பினர்களை இழந்தோம். புதிதாக இருவர் சேர்ந்திருக்கிறார்கள், இருவருமே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள். வாசகசாலைக் கூரையின் ஒழுக்கு அடைக்கப்பட்டது. மீண்டும் ஒழுகுகிறது.

மார்ச் மாதத்தில் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும். நமக்கு நாளிதழ் கொண்டுவந்து போடும் அண்ணன் ஒரு காலை உள்ளே வந்து பேப்பர்க் கட்டை மேசைமேல் வைத்தார். அன்றைய கட்டில் மூன்றே பேப்பர். சட்டைப்பையிலிருந்த சின்னக் கத்தியை எடுத்து எப்போதும்போலக் கயிற்றை அறுத்தார். மூன்று பேப்பருக்கு ஒரு கயிறா என்று அவருக்கே தோன்றியிருக்கவேண்டும், சிரித்தார். "ஐயா, இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். கமிஷன் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கே பற்றவில்லை" என்றார். கமுனிங், லிந்தாங், எல்பில் என்று தோட்டம் தோட்டமாக, பிரட்டு என்ற காலை ஆள்கணக்கெடுப்பு முடிந்து ஆட்கள் பால்மரம் சீவப் போவதற்கு முன்பே பேப்பர்க் கட்டை இறக்கிவிட்டு வந்த மனிதர் அவர். நாம் வாங்கும் மூன்றை ஒரு மளிகைக்கடைக்காரர் தம் சரக்கோடு சேர்த்து எடுத்துவருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பகல் பதினொன்றுக்குத்தான் வருகிறது. அதற்குள் செய்தி ஆறிவிடுகிறது என்று சிலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். குறைபடுகிறவர்களில் சந்தாவுக்குப் பங்கு கொடுத்தவர்கள் எத்தனை பேர் என்பது பொருளாளருக்குத் தெரியும்.

இதில் நம் பங்கையும் மறைக்கவேண்டாம். தோட்டத்து லயங்களில், வரிசை வீடுகளில் இருந்த நாட்களில் ஒருவர் வாங்கிய பேப்பரைப் பத்து வீடு படித்தது. எழுத்துத் தெரியாத கிழவிக்கு ஐந்தாம் வகுப்புப் பையன் உரக்கப் படித்துக் காட்டினான். அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் பத்து வீடு படித்தாலும் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு வீட்டுக் காசுதான்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019 ஜனவரியோடு நின்றது நினைவிருக்கும். நமக்கு மட்டும் வந்த கேடு அல்ல அது. 1896-இல் தொடங்கிய ஆங்கில நாளிதழ் மலாய் மெயில் அதற்கு முந்திய டிசம்பரில்தான் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போயிருந்தது. அதே 2019 அக்டோபரில் மலாய் நாளிதழ் உத்துசான் மலேசியா மூடியது. பிறகு 2020-இல் மீண்டும் வந்தது. தமிழ் நேசன் வரவில்லை. 1950-இல் கதை வகுப்பு நடத்தி, தோட்டத்துப் பிள்ளைகளையும் எழுத்தாளர்கள் ஆக்கிய பத்திரிகை அது.

ஜூலையில், ஓய்வுபெற்ற பகுதி நிருபர் ஐயா ஒருவரை அழைத்துப் பேச வைத்தோம். இந்த ஆண்டு நாம் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்பது என் கருத்து. தலைவர் பொங்கல் விழா என்பார். ஐயாவுக்குச் சோறு போட்டது தோட்டக் கிராணி (எழுத்தர்) வேலை. நிருபர் வேலை பெருமைக்கு. எழுதியதற்குக் காசு இல்லை, வெளிவந்ததற்குத்தான் காசு. படச்சுருளை உறையில் போட்டு ஈப்போ பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவாராம். பள்ளி விளையாட்டுப் போட்டி, கோயில் திருவிழா, பணி ஓய்வு பெறும் கங்காணிக்கு மாலை, இவைதான் அவர் செய்திகள். "பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து மாறிவிட்டால் மறுநாள் காலை அப்பா என் வாசலில் நிற்பார்" என்றார். அவர் பிழையில்லாமல் எழுதியதற்கு அந்த அப்பாக்களும் ஒரு காரணம்.

கேள்வி நேரத்தில் நம் உதவித் தலைவர், "நிருபர் இல்லாவிட்டால் என்ன? நாட்டின் செய்தி நிறுவனம் பெர்னாமா தமிழிலும் செய்தி தருகிறதே" என்று கேட்டார். ஐயா பதறாமல் பதில் சொன்னார். செய்தி நிறுவனம் என்பது பல வீடு சேர்ந்து ஒரே அண்டாவில் சோறு வடிப்பதுபோல. விறகு மிச்சம். அமெரிக்காவில் 1846-இல் நியூயார்க் பத்திரிகைகள் சில, மெக்சிகோப் போர்ச் செய்தியைத் தனித்தனியாகக் கொண்டுவரக் கட்டுப்படியாகாமல் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. அசோசியேட்டட் பிரஸ் பிறந்தது அப்படி. இங்கே 1967-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மறு ஆண்டு பெர்னாமா வேலையைத் தொடங்கியது. சோறு பொது, குழம்பு அவரவர் வீட்டில் வைக்கவேண்டும். இப்போது குழம்பு வைக்க ஆள் இல்லாததால் எல்லா இலையிலும் ஒரே வெள்ளைச் சோறு. போதாததற்கு அண்டாவை விட்டே சில வீடுகள் எழுந்து போகின்றன. 2024-இல் கேனட், மெக்கிளாட்சி என்ற இரண்டு பெரிய அமெரிக்கப் பத்திரிகைக் குழுமங்கள் அசோசியேட்டட் பிரஸ் செய்தியை வாங்குவதை நிறுத்துவதாக அறிவித்தன. அந்த நாட்டில் 2005 முதல் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான பத்திரிகைகள் மறைந்துவிட்டன என்றும், எந்தப் பத்திரிகையும் இல்லாத வட்டாரங்களைச் 'செய்திப் பாலைவனம்' என்கிறார்கள் என்றும் ஐயா சொன்னார்.

பிறகு அவர் கேட்டதை நான் அப்படியே குறித்துவைத்தேன். "நம் ஊர்ப் பெயர் எப்போது உலகச் செய்தியில் வந்தது?" 1948 ஜூன் 16. எல்பில் தோட்டத்திலும் அடுத்த தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுடப்பட்டு, மலாயாவில் அவசரகாலம் பிறந்தபோது. அப்புறம் 2008 மார்ச் 8. 1974 முதல் இந்த நாடாளுமன்றத் தொகுதியை வைத்திருந்த, மலேசிய இந்தியக் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு தோற்றபோது. அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊருக்கே இவ்வளவுதான். தலை உருண்டால் பெரிய நிறுவனங்கள் வரும். இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் இங்கே பிறந்தது, படித்தது, ஓடி ஜெயித்தது, செத்தது எல்லாம் இவரைப் போன்ற கிராணிகள் எழுதியதால்தான் எங்காவது இருக்கிறது.

சீனர்களைப் பார்க்கவேண்டும் என்று ஓர் உறுப்பினர் சொன்னார். சரிதான்; சின் சியூ என்ற சீன நாளேட்டில் பேராக்குக்கென்றே தனிப் பக்கங்கள் வருகின்றன. அவர்கள் கடைக்காரர்கள் அதில் விளம்பரம் போடுகிறார்கள். நம் கடைக்காரர்களிடம் நான் கேட்டுப் பார்த்தேன். முகநூலில் இலவசம் என்றார்கள்.

எங்காவது இருக்கிறது என்று சொன்னேன். எங்கே என்பது ஆகஸ்ட்டில் தெரிந்தது. பால்மரத்தை (ரப்பர்) அழித்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்ட தோட்டம் ஒன்றில் மக்கள் எல்லாரும் தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளுக்குப் போய்விட்டார்கள், மாரியம்மன் மட்டும் அங்கேயே இருக்கிறாள். நிலம் கைமாறியதும், கோயில் எவ்வளவு பழையது என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். கோயில் செயலவையிடம் ரசீது இல்லை, படம் இல்லை. நம் அலமாரியிலிருந்து வெட்டுத்துண்டு ஆல்பங்களை இறக்கினோம். மைதாப் பசை வாசம் இன்னும் போகவில்லை. இரண்டு ஆல்பங்களைக் கரையான் சல்லடையாக்கியிருந்தது. நான்காவதில் தீமிதிப் படம் கிடைத்தது. பின்னால் அரசமரம், தகரக் கூரை, கோயிலின் பெயர்ப்பலகை எல்லாம் தெளிவு. மேலே தேதி இல்லை. அழகாக இருக்கவேண்டும் என்று ஓரத்தை நேர்க்கோட்டில் வெட்டித் தேதியை நாமே குப்பையில் போட்டிருக்கிறோம். நல்லவேளையாக அடுத்த பக்கத்தில் வேறு ஒருவர், கத்தரிக்கோல் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர், அதே திருவிழாச் செய்தியைக் கோணலாக வெட்டி ஒட்டியிருந்தார். அதன் மூலையில் 1978 என்று இருந்தது. அதன் நகலைக் கோயில் தரப்பு கொடுத்திருக்கிறது, பேச்சு நடக்கிறது. அந்தக் கோணல் கத்தரிக்காரர் யாரென்று தெரிந்தால் மாலை போடலாம்.

இப்போது நமக்குச் செய்தி புலனத்தில் (வாட்ஸ்அப்) வருகிறது. செப்டம்பரில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானபோது, 'இன்று மாலை 3 மணிக்கு நல்லடக்கம்' என்று வந்தது. குழு குழுவாகத் தாவி எனக்கு அது வந்து சேர்ந்தது மறுநாள் காலை. நானும் மூவரும் வேட்டி கட்டிக்கொண்டு, மலர்வளையத்தோடு மூன்று மணிக்குப் போய் நின்றோம். கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மருமகள் எங்களுக்கு நாற்காலி தேடினார். 'இன்று' என்று எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு அன்று இன்றுதான். பத்திரிகையில் 'இன்று' என்று போட்டால் பக்கத்தின் தலையில் தேதி இருக்கும். புலனத்தில் செய்தி தேதியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஊர் சுற்றுகிறது. இந்த ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய மலேசிய ஊடக மன்றச் சட்டத்தின்கீழ் இதைப் புகார் செய்யலாமா என்று பொருளாளர் கேட்டார். அது ஊடகங்களுக்கான மன்றம் என்று விளக்கினேன். மலர்வளையச் செலவு சங்கக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு அக்டோபர் செயலவையில் ஒரு முடிவு எடுத்தோம். சொந்தமாகப் பத்திரிகை நடத்துவோம் என்ற யோசனை வந்து, அச்சுக் கூலியைக் கேட்டதும் போய்விட்டது. தடித்த அட்டை போட்ட கணக்குப் பேரேடு ஒன்று வாங்கி வாசகசாலை மேசையில் வைத்திருக்கிறோம். ஊர்க்குறிப்பேடு என்று பெயர். யாரும் எழுதலாம். மூன்று விதிகள்: தேதியும் இடமும் வேண்டும், கேள்விப்பட்டதை அல்ல, பார்த்ததை எழுதவேண்டும், எழுதியவர் கையொப்பமிடவேண்டும். நிருபர் ஐயா முதல் பக்கத்தில், பெயரின் முன்னெழுத்தைச் சரிபார்க்கவும் என்று தம் கைப்பட எழுதிக்கொடுத்தார். மாதத்துக்கு ஒரு முறை பக்கங்களைப் படமெடுத்துக் கணினியில் சேமிக்கும் பொறுப்பைப் புதிய ஆசிரியர்கள் இருவரும் ஏற்றிருக்கிறார்கள். பேனாவை நூலால் கட்டியும் இரண்டு பேனா காணாமல் போயிருக்கிறது.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். நாளிதழ்ச் சந்தாவை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கலாம் என்ற தீர்மானம் பட்டியலில் இருக்கிறது. நான் அதற்கு எதிராக வாக்களிப்பேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

குறிப்பேட்டில் நேற்றுவரை நாற்பத்தோரு பக்கம் நிரம்பியிருக்கிறது. கடைசிப் பதிவு மழையைப் பற்றியது: ஆற்றங்கரைப் படிக்கட்டில் தண்ணீர் நான்காம் படிக்கு ஏறியது, மாலை 5.40. தேதி இருக்கிறது, இடம் இருக்கிறது, கையொப்பம் இல்லை. எழுதியவர் கூட்டம் முடிந்ததும் மேசைக்கு வந்து கையொப்பமிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்