பாப்பாவுக்கு, அந்த பாட்டி விஷயமா

பாப்பா,

நேத்து போன்ல சொன்னியே, நீ வேலை பாக்குற முதியோர் ஹோம்ல இருக்குற 92 வயசு பாட்டி, ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரி போகணும்னதும் என்னைய ஒர்க்ஹவுஸ்ல விட்டுடாதீங்கன்னு உன் கையை புடிச்சிக்கிட்டு அழுதாங்கன்னு, அதுலேர்ந்து எனக்கு தூக்கமே வரல. கூட டூட்டி பாக்குறவங்க ஏதோ மறதில பேசறாங்கன்னாங்களாமே, அப்படி இல்லடா. இங்கிலாந்துல பழைய ஆஸ்பத்திரி நெறய, ஒரு காலத்துல ஒர்க்ஹவுஸா, அதாவது கதியில்லாத ஏழைங்கள உள்ள வச்சு வேலை வாங்கின விடுதியா இருந்த எடம்தான்.

1834ல சட்டத்த மாத்தி, இல்லாதவங்களுக்கு வீட்டோட குடுத்த உதவிய கொறச்சு, வேணும்னா உள்ள வந்து இருன்னுட்டாங்க. உள்ள போனா யூனிஃபார்ம், புருஷன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம். 60 தாண்டின ஜோடி ஒரே ரூம் கேக்கலாம்னு 1847லதான் சட்டமே வந்துச்சு. 1909லேர்ந்து 70 வயசானவங்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரைக்கும் பென்ஷன், ஆனா அந்த பழைய ஏழைச் சட்டம் முழுசா போனது 1948லதான். உங்க பாட்டி அப்போ சின்ன பொண்ணு, வீட்டு பெரியவங்க அந்த எடத்துக்கு பயந்தத பாத்து வளந்திருப்பாங்க.

மார்ஜரி வாரன்னு ஒரு லேடி டாக்டர். 1935ல லண்டன் பக்கம் ஐசல்வொர்த்ல அவங்க ஆஸ்பத்திரியோட பக்கத்து ஒர்க்ஹவுஸ் வார்டுங்கள சேத்தப்போ 700 பேருக்கு மேல அவங்க பொறுப்புல வந்தாங்க, வருஷக்கணக்கா படுத்தே கெடந்தவங்க அதுல எத்தனையோ பேர். ஒவ்வொருத்தரையா செக் பண்ணி, யாருக்கு என்ன வியாதின்னு பிரிச்சு, வார்டுக்கு பெயின்ட் அடிச்சு வெளிச்சம் வர வச்சு, எழுந்து உக்கார வச்சு நடக்க வச்சாங்க, வீட்டுக்கே திரும்பிப் போனவங்களும் உண்டு. படுக்கையிலேயே விட்டா தசை கரையும், மூட்டு மடங்கிக்கும், புண்ணு வரும், மனசும் அடங்கிப்போகும். முதியோர் மருத்துவம்னு ஒண்ணு தனியா வேணும்னு போராடினவங்க அவங்க.

இத நான் நர்சிங் படிக்கும்போதே படிச்சேன் பாப்பா. படிச்சும் உங்க அப்பாயி இடுப்பு ஒடஞ்சப்போ ஆபரேஷன் முடிஞ்சதும் பாவம் வலிக்குமேன்னு ஆறு வாரம் அசைய விடல, நர்சு வீட்டுலயே முதுகுல புண்ணு. கடைசி வரைக்கும் அவங்க அப்புறம் நடக்கல, அது இன்னும் என் நெஞ்சுல இருக்கு.

அந்த பாட்டி கூட ஸ்கேனுக்கு நீயே போ, ஷிஃப்ட் மாத்தி கேட்டுப் பாரு. சாயங்காலம் திரும்பி இங்கதான் கூட்டிட்டு வருவேன்னு கெளம்புறப்பவும் சொல்லு, வழியிலயும் சொல்லு. வந்ததும் ஜன்னல்கிட்ட சேர்ல உக்கார வச்சு டீ குடு. குடிச்சாங்களான்னு எனக்கு போன் பண்ணு, எத்தன மணியானாலும் முழிச்சிருப்பேன்.

அம்மா